கருப்பையா, பென்குயின் பிரிவு

கராமா, துபாய்
10.8.2003

அன்புத் தங்கை சந்தியாவுக்கு,

அண்ணன் மணிமாறன் எழுதுவது. ஜலதோஷம் ஒன்றைத் தவிர எனக்குக் குறையில்லை. அப்பாவின் முழங்கால், அம்மாவின் தலைசுற்றல், உன் வாய் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

துபாயில் ஆகஸ்ட் மாதம் ஜலதோஷமா என்று கேட்பாய். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி, நான் வேலை செய்யும் இடத்தில் ஆறு டிகிரி. கம்பெனி என்னைப் புது சைட்டுக்கு மாற்றிவிட்டது. ஒரு ஷாப்பிங் மாலில் 'பனி மாளிகை' என்று பெரிய ஹால் கட்டியிருக்கிறார்கள். அதன் ஏசி பிளான்ட் என் பொறுப்பு. ஹாலின் நடுவில் கண்ணாடித் தடுப்பு. உள்ளே செயற்கைப் பாறை, குளம், மேலே நைலான் வலை. போன வாரம் விமானத்தில் பதினோரு பறவைகள் வந்து இறங்கின. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, நிமிர்ந்த நிலை. 'வடதுருவப் பென்குயின்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். மீன் போட வந்த ஆள் மூன்றாம் நாளே குளிர் தாங்காமல் ஓடிவிட்டதால் அந்த வேலையும் என் தலையில்.

வந்த நாளிலிருந்து இறக்கைச் சிறகெல்லாம் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. கூட்டி அள்ளினால் ஒரு தலையணை தேறும். பயந்துபோய் மேனேஜரிடம் சொன்னேன். "குட். பென்குயினுக்கு எதுக்கு இறக்கை?" என்றார்.

இன்னொரு சங்கதி. இங்கே எல்லோர் சட்டையிலும் பேட்ஜ். பாஸ்போர்ட்டில் கடைசியாக இருக்கும் பெயரைத்தான் அச்சடிப்பார்களாம். என் பாஸ்போர்ட்டில் கடைசியாக இருப்பது அப்பா பெயர். ஆகவே என் சட்டையில் 'கருப்பையா, பென்குயின் பிரிவு' என்று இருக்கிறது. உண்மையில் நாலு வருடமாகக் கம்பெனியில் எல்லோரும் என்னைக் கருப்பையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீ ஓட்டுவாய் என்று சொல்லவில்லை. அப்பாவிடம் மெதுவாகச் சொல்.

இப்படிக்கு,
மூக்கொழுகும் அண்ணன்
மணிமாறன்

*

பரமக்குடி
24.8.2003

ஆறு டிகிரி அண்ணனுக்கு,

அப்பாவின் முழங்கால் மடங்குகிறது. அம்மாவுக்குத் தலை சுற்றவில்லை. என் வாய்தான் ஊரைச் சுற்றுகிறது. அதற்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். "அப்பா, நீங்க நாலு வருசமா துபாயில ஏசி மெக்கானிக்கா இருக்கீங்க." சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கிளம்பியவர் டோக்கன் கட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே?" அடுப்படியிலிருந்து அம்மா, "அதான் நாலு வருசமா கூப்பிட்டா காதுல விழல போல. அம்புட்டுத் தூரம்ல?" என்றாள்.

நீ சொன்ன பறவைகளைத் தேடி நூலகத்துக்குப் போனேன். அங்கே ஆங்கிலக் கலைக்களஞ்சியம் முழு வரிசையும் இருக்கிறது, பென்குயின் இருக்கவேண்டிய தொகுதியைத் தவிர. அதை எவரோ எடுத்துப்போய்ப் பத்து வருடமாம். நல்லதாய்ப் போயிற்று. அது இருந்திருந்தால் படத்தைப் பார்த்துவிட்டு, சரி பென்குயின்தான் என்று வந்திருப்பேன். இல்லாததால் வடகடல் பறவைகள் என்று மற்ற தொகுதிகளைப் புரட்டினேன்.

அண்ணே, வடதுருவத்தில் பென்குயினே கிடையாது! அதெல்லாம் தெற்கே. வடக்கே அதே மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வேறு ஒரு குடும்பமே இருக்கிறது. அதில் ஒன்று கில்லெமாட். அலகு ஊசி மாதிரி. சிலதுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு, மூக்குக்கண்ணாடி போட்டதுபோல. இன்னொன்று ரேஸர்பில். அலகு தடிமன், குறுக்கே ஒரு வெள்ளைக் கீற்று. இரண்டும் இறக்கையை வீசித் தண்ணீருக்குள்ளேயே பறந்து நூறு மீட்டர் ஆழம் போய் மீன் பிடிக்குமாம். கில்லெமாட்டுக்கு அமெரிக்காவில் பெயரே வேறு, 'மர்'. ஒரே ஆளுக்கு ஊருக்கு ஒரு பெயர். உனக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்காதே.

உன் பறவைகளின் அலகைப் பார்த்து எழுது. அதற்குள் நானே பெயர் வைத்துவிட்டேன். கில்லெமாட் எல்லாம் கில்லாடி. ரேஸர்பில் எல்லாம் பிளேடு. கண்ணாடி போட்டது இருந்தால் அது எங்கள் கணக்கு சார்.

உண்மையைக் கண்டுபிடித்தாலும் நீ யாரிடமும் சொல்லமாட்டாய் என்று தெரியும். நம் வீட்டு ஆமாஞ்சாமி நீ. பஸ்ஸில் உன் காலை மிதித்தவரிடம் நீயே மன்னிப்புக் கேட்டதை நான் மறக்கவில்லை.

வாயை அடக்க முடியாத
சந்தியா

*

கராமா
12.9.2003

குரங்குக்கு,

மூக்கு நின்றுவிட்டது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருப்பது கண்டு நிம்மதி.

அலகைப் பார்த்தேன். நீ எழுதியது அப்படியே சரி. எட்டு கில்லாடி, மூன்று பிளேடு. கண்ணாடி போட்டது ஒன்றே ஒன்று. மீன் வாளியைத் தூக்கினால் பாறை உச்சிக்கு ஏறி நின்று மற்றவர்களை மேற்பார்வை பார்க்கும். கணக்கு சாரேதான்.

என்னை ஆமாஞ்சாமி என்றாய் அல்லவா? மேனேஜரிடம் சொன்னேன். "சார், இது பென்குயின் இல்ல, கில்லெமாட்." அவர் மேலும் கீழும் பார்த்தார். "கருப்பையா, கில்லெமாட் பார்க்க எவன் டிக்கெட் எடுப்பான்? பலகை அடிச்சாச்சு, கலாஸ், முடிஞ்சது." நான் "ஓகே சார்" என்று வந்துவிட்டேன். அந்த 'ஓகே சார்' வேண்டாம் என்று நீ நினைப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது.

ஒன்று கவனித்தேன். உதிர்ந்த இடத்தில் புதுச் சிறகு முளைக்கிறது. நாளுக்கு நாள் நீளுகிறது.

நீ சிரிக்க இத்துடன் ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். 'பென்குயினுக்குப் பெயர் வையுங்கள், உலகில் எங்கிருந்தும் எழுதலாம்' என்று பிள்ளைகளுக்குப் போட்டி. சிரிக்க மட்டும்தான். புரிகிறதா?

மணிமாறன்
(கருப்பையா)

*

பரமக்குடி
28.9.2003

கில்லாடிகளின் காவலருக்கு,

எல்லோரும் சௌக்கியம். நம் ஆடு மட்டும் என் வரலாற்று நோட்டைத் தின்றுவிட்டு ஒரு மாதிரி இருக்கிறது.

சிரித்தேன். பிறகு போட்டிக்கு எழுதியும் அனுப்பிவிட்டேன்.

பதறாதே! 'ஐயா, இவை பென்குயின்கள் அல்ல. எட்டு கில்லெமாட், மூன்று ரேஸர்பில். இவற்றுக்கு நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பலகையில் எழுதினாலே போதும்' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். இங்கிலீஷ் டீச்சரே ஒரு பிழைதான் கண்டுபிடித்தார்.

அதில் ஒரு பழைய கதையும் எழுதினேன். பென்குயின் என்ற பெயர் முதலில் வடக்கேதான் இருந்ததாம். பறக்கத் தெரியாத ஒரு பெரிய பறவை, இந்தக் கில்லாடிகளுக்குப் பெரியப்பா முறை. மாலுமிகள் அடித்துத் தின்றே அதை ஒழித்தார்கள். தெற்கே போனபோது அதே சாயலில் ஒன்றைப் பார்த்து அதற்கு இந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது உங்கள் மேனேஜர் அதை மறுபடி வடக்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். செத்தவர் பெயரில் ரேஷன் வாங்குகிற வேலை இது.

உன்னை மாட்டிவிடுவேன் என்று நினைக்காதே. மணிமாறன் என்ற பெயரே அதில் கிடையாது, துபாயில் அண்ணன் இருக்கிறான் என்றும் எழுதவில்லை. பள்ளிக்கூட விண்ணப்பம் மாதிரி சுத்தமாக நிரப்பினேன்: கே. சந்தியா, தகப்பனார் பெயர் கருப்பையா, பரமக்குடி. அவ்வளவுதான்.

முக்கியமான விஷயம். இவை வருடத்துக்கு ஒருமுறை எல்லாச் சிறகையும் மொத்தமாக உதிர்க்குமாம். ஒன்றரை மாதம், இரண்டு மாதம் பறக்க முடியாது. அந்த நேரத்தில்தான் உங்களிடம் வந்திருக்கின்றன. முளைத்து முடிந்ததும் ஜோராகப் பறக்கும். மேலே வலை இருக்கிறதல்லவா? பத்திரம்.

உன் சாமர்த்தியசாலித் தங்கை
சந்தியா

*

கராமா
20.10.2003

அன்புள்ள சந்தியா,

நலம். இது வருவதற்குள் தீபாவளி முடிந்திருக்கும், எல்லோரும் புதுத்துணி எடுத்திருப்பீர்கள். இங்கே வேலை நலமாகப் போகிறது. உடம்பும் நலம். அப்பாவை வெயிலில் நிற்கவேண்டாம் என்று சொல்.

பறவை விஷயம் இனி எழுதவேண்டாம். நன்றாகப் படி.

மணிமாறன்

*

பரமக்குடி
1.11.2003

அண்ணனுக்கு,

ஒரே கடிதத்தில் மூன்று தடவை நலம் என்று எழுதியிருக்கிறாய். ஒரு தடவை எழுதினால் நம்பியிருப்பேன்.

எட்டு வரிக் கடிதம், அதில் ஒரு கில்லாடிகூட இல்லை. கணக்கு சார் எங்கே? பறக்க ஆரம்பித்தார்களா? என் போட்டிக் காகிதம் வந்ததா? என்னை ஏன் குரங்கு என்று கூப்பிடவில்லை? நீ திட்டாமல் எழுதிய முதல் கடிதம் இது. படித்ததிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது, அம்மாவின் வியாதி என்னிடம் வந்துவிட்டது போல.

நீ சொல்லமாட்டாய். அதனால் இன்னொரு கடிதம் தனியாக உன் ரூம்மேட் கீழக்கரை கௌஸ் முகைதீன் அண்ணனுக்குப் போட்டிருக்கிறேன். இருவருக்கும் ஒரே தபால்பெட்டி, உன் கையில் கிடைத்தாலும் நீ அதைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் உள்ளே மிளகாய்ப்பொடி.

சந்தியா

*

கராமா
8.11.2003

அன்புத் தங்கச்சி சந்தியாவுக்கு,

கௌஸ் முகைதீன் எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நோன்பு பதின்மூன்று முடிந்தது. உங்கள் வாப்பா உம்மா சுகத்துக்கு துஆ செய்கிறேன். உங்கள் அண்ணன் என்னிடம் எதுவும் எழுதக்கூடாது என்று சத்தியம் கேட்டார். நோன்பு வைத்துக்கொண்டு சத்தியம் செய்யமாட்டேன் என்று தப்பித்துவிட்டேன். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற கை இது, எனக்குக் கடிதம் எழுத யாருமில்லை, அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

நீங்கள் அனுப்பிய காகிதத்தை மேனேஜர் படித்தார். பறவை எண்ணிக்கைகூட சரியாக இருக்கிறதே, யார் சொன்னது என்று முதலில் திகைத்தாராம். பிறகு தகப்பனார் பெயரைப் பார்த்திருக்கிறார். கருப்பையா! அவருக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒரு கருப்பையாதான், தினமும் அவர் முன்னால் பேட்ஜோடு நிற்கிறவர். நேராக வந்து காகிதத்தையும் பேட்ஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது உன் மகளா?" என்று கேட்டிருக்கிறார். உங்கள் அண்ணனுக்கு இருபத்தைந்து வயசு, மகளுக்குப் பதினாறு. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும்.

மேனேஜர் ஒரு காகிதம் அடித்துக் கொடுத்திருக்கிறார். 'கருப்பையா ஆகிய நான் பொய்யான செய்தியைப் பரப்பினேன். இவை பென்குயின்கள், பறக்காதவை.' இதில் கையெழுத்துப் போடவேண்டும். பெருநாள் மூன்று நாளும் கூட்டம் வரும், போட்டோவில் வலை அசிங்கமாக விழுகிறது, பென்குயினுக்கு எதற்கு வலை, கழற்று என்றும் உத்தரவு. இப்போது அவை தாவி வலையில் முட்டுகின்றன என்று அண்ணன் சொன்னார். வலையில்லாமல் பறந்து விளக்கிலோ கண்ணாடியிலோ மோதிச் செத்தால் அந்தப் பழியும் கையெழுத்துப் போட்டவர் மேல்தான். போடாவிட்டால் விசா கேன்சல். பெருநாளுக்கு முந்தின நாள் வரை தவணை.

மனுஷன் தினமும் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைக்கிறார். உங்கள் மேல் கோபம் இல்லை. "அவ சரியாத்தானே எழுதியிருக்கா" என்கிறார்.

உங்கள் கௌஸ் அண்ணன்

*

பரமக்குடி
15.11.2003
(விரைவுத் தபால்)

அண்ணே,

நலம் விசாரிக்க நேரமில்லை.

கௌஸ் அண்ணன் கடிதம் வந்த அன்று நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை. காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உன் பெயரை அத்தனை பத்திரமாக மறைத்துவிட்டு, அப்பா பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அதுதான் அங்கே உன் பெயர் என்று நீ சொல்லி, நான் வீடு முழுக்கச் சிரித்த பிறகும். பேனா பிடித்தவளுக்கு அது தோன்றவில்லை. என்னை நீ குரங்கு என்றது குரங்குக்கு அவமானம்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தக் காகிதத்துல யார் பேரு போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டார். உங்கள் பெயர்தான் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டார். "இருபத்தெட்டு வருசமா பஸ் ஸ்டாண்டுல ஸ்டாண்டு வச்சிருக்கேன். ஒரு சைக்கிள் மாறிப் போனதில்ல. கருப்பையா பொய்யின்னு நானே எழுதிக் குடுக்கவா? விசா போனா போகுது. அவனை வரச் சொல்லு, ஸ்டாண்டுல இன்னொரு ஆள் வேணும்." அம்மா உடனே எழுந்துபோய் உன் கட்டிலை வெயிலில் எடுத்துப் போட்டாள்.

ஆகவே நீ கையெழுத்துப் போடாதே. இது நான் சொல்வதல்ல, உன் சட்டையில் இருக்கும் ஆள் சொல்வது.

வலைக்கு ஒரு வழி சொல்கிறேன். அப்பா ஸ்டாண்டில் எப்படி? மந்திரியே வந்தாலும் டோக்கன் இல்லாமல் வண்டியைத் தொட விடமாட்டார். "எடுத்துக்கய்யா, எனக்கென்ன? டோக்கனைக் குடுத்துட்டு எடு." நீயும் அதையே செய். மேனேஜரிடம் டோக்கன் கேள். 'பென்குயின் பறக்காது, வலையைக் கழற்று' என்று அவர் கையால் எழுதி, அவர் பெயரைப் போடட்டும். எழுதாவிட்டால் வலை இருக்கும். எழுதிவிட்டால் நீ கழற்று, ஆனால் பறவைகளுக்கு அடிபடாமல் முன்னாலேயே எல்லாம் செய்துவிடு.

பஸ்ஸில் உன் காலை மிதித்தவனிடம் இந்தத் தடவையாவது காலை எடுக்கச் சொல்லு.

சந்தியா

*

கராமா
30.11.2003

குரங்குக்கு,

நலம். ஒரே ஒரு தடவை எழுதுகிறேன், நம்பு.

உன் தபால் தவணைக்கு ஒரு நாள் முன்னால் வந்து சேர்ந்தது. மறுநாள் மேனேஜர் அறைக்குப் போய்க் காகிதத்தை மேஜையில் வைத்தேன். "சைன் எங்கே?" என்றார். "சார், இது எங்க அப்பா பேரு. அவர் போடமாட்டேன்னுட்டாரு." அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அது போதும். "வலை?" என்றார். "கழட்டுறேன். எழுதிக் குடுங்க." சிரித்தார். இரண்டு வரி எழுதித் தேதி போட்டு, பெயரெழுதிக் கையெழுத்தும் போட்டு என் பக்கம் தள்ளினார். டோக்கனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

உடனே கழற்றவில்லை. மேலே இருந்த சூடான விளக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். கண்ணாடி தெரியாமல் முட்டக்கூடாது என்று கௌஸ் அண்ணன் கடையிலிருந்து வெள்ளைப் பேப்பர் சுருள் கொண்டுவந்து, இடைவெளி விட்டுப் பட்டை பட்டையாகச் சுற்றிலும் ஒட்டினோம். பெருநாள் அலங்காரம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வலையை இறக்கினேன்.

பெருநாள் அன்று மாலை நாலு மணி. பிள்ளைகள் தோளில், பெரியவர்கள் நுனிக்காலில். மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "வடதுருவப் பென்குயின்! இந்தப் பறவைக்கு இறக்கை உண்டு, ஆனால் பறக்காது!" பாறை உச்சியில் கணக்கு சார் நின்றுகொண்டிருந்தார். மைக் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை கழுத்தை நீட்டினார், அப்படியே குதித்தார். தண்ணீருக்குள் விழுவார் என்று எல்லோரும் பார்க்க, குளத்துக்கு ஒரு சாண் மேலே நிமிர்ந்து, கண்ணாடித் தடுப்பைத் தாண்டி, மேனேஜர் தலைக்கு மேலே விர்ரென்று போனார். பின்னாலேயே மற்ற பத்தும்.

"உம்மா, பென்குயின் பறக்குது!" என்று ஒரு குழந்தை கத்தியது. பிறகு எல்லாப் பாஷையிலும் கத்தினார்கள். மேனேஜர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "கருப்பையா! கருப்பையா!" என்ற அவர் குரல் மால் முழுக்கக் கேட்டது. நம் அப்பாவை இத்தனை பேர் கேட்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பத்து பேர் ஹாலுக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் குளத்தில் இறங்கினார்கள். கணக்கு சார் மட்டும் திறந்திருந்த கதவு வழியாக வெளியே போய், மால் நடுவில் இருக்கும் நீரூற்றில் இறங்கி முங்கு நீச்சல் போட்டார். நான் வாளியைத் தட்டினேன். மேலே வந்து பார்த்தார். மூன்று மீனில் பேச்சுவார்த்தை முடிந்தது. கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். பதினோரு பேரையும் எண்ணினேன். ஒரு சிறகுகூட ஒடியவில்லை.

மறுநாள் முதலாளியே வந்தார். "வலையைக் கழட்டினது யார்?" மேனேஜர் என்னைக் காட்டினார். நான் டோக்கனைக் காட்டினேன்.

விசா கேன்சல் இல்லை. ஆனால் அந்த ஹாலில் என்னை வைத்திருக்க மேனேஜருக்கு மனசில்லை. கம்பெனி என்னை ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் பாக்டரிக்கு மாற்றியிருக்கிறது. சூளை பக்கத்தில் டூட்டி. ஆறு டிகிரியிலிருந்து ஐம்பதுக்கு. நாளை போகிறேன். பறவைகளை வடக்கே ஏதோ ஒரு நாட்டின் பறவைப் பூங்காவுக்கு அனுப்புகிறார்கள். பெட்டிகளின் மேல் பெயரெழுதும் வேலை கடைசியாக எனக்கு வந்தது. பெயிண்டை எடுத்து, எட்டில் கில்லெமாட், மூன்றில் ரேஸர்பில் என்று பெரிதாக எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை.

நேற்று பேப்பர் கொடுக்கப் போனபோது டைல்ஸ் பாக்டரி ஆபீஸில் பேட்ஜுக்குப் பெயர் கேட்டார்கள். மணிமாறன் என்றேன். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் கருப்பையா என்று இருக்கிறதே என்றார் கிளார்க். "அது எங்க அப்பா. அவர் ஊர்ல இருக்காரு, வேலைக்கு நான்தான் வந்திருக்கேன்" என்றேன். ஐந்து நிமிடம் விடாமல் நின்றேன். அடித்துக் கொடுத்துவிட்டார்.

பழைய பேட்ஜை இத்துடன் வைத்திருக்கிறேன். உரியவரிடம் சேர்த்துவிடு.

மணிமாறன்

*

பரமக்குடி
14.12.2003

ஐம்பது டிகிரி அண்ணனுக்கு,

அம்மா உன் கட்டிலை மறுபடி உள்ளே போட்டுவிட்டாள். சூளைப் பக்கம் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். ஆடு தேறிவிட்டது, இப்போது புவியியல் நோட்டைப் பார்க்கிறது. கௌஸ் அண்ணனுக்கு நான் இனி மாதம் ஒரு கடிதம் போடுவேன், அவருக்கு எழுத யாருமில்லை என்றாரே.

உன் கடிதத்தை நான் இரண்டு தடவை சத்தமாக வாசித்தேன். கணக்கு சார் பறக்கிற இடத்தில் அம்மா கையைத் தட்டினாள். மேனேஜர் மைக்கில் கூப்பிட்ட இடத்தில் அப்பா, "வந்துட்டேன்னு சொல்லிருக்கணும்ல?" என்றார்.

பேட்ஜைக் கொடுத்தேன். துண்டால் துடைத்துச் சட்டையில் குத்திக்கொண்டு நேராக ஸ்டாண்டுக்குப் போனார். ஐந்து நாளாக அதோடுதான் டோக்கன் போடுகிறார். நேற்று பேங்க் மேனேஜர் வண்டி எடுக்க வந்தபோது நான் அங்கேயே இருந்தேன். அவர் குனிந்து படித்துவிட்டு, "என்ன கருப்பையா, பென்குயின் பிரிவா?" என்று கேட்டார்.

அப்பா டோக்கனுக்குக் கையை நீட்டியபடியே சொன்னார்: "ஆமா சார். நாலு வருசம் துபாயில வேலை பார்த்தேன். பொய்க் கையெழுத்துக் கேட்டாங்க. வேலையே வேணாம்னு வந்துட்டேன்."

கருப்பையாவுக்கு மகளும் மணிமாறனுக்குத் தங்கையுமான
சந்தியா